381654729: இந்த எண் ஒன்றுதானா? கையால் நிறுவிக் காட்ட முடியுமா?

பனிக்கால வாத்தியார் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். தரம் 8 பிள்ளைகளுக்கு வகுபடும் விதிகளை மீட்டிக்கொண்டிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடித்தால் முன்வாங்கில் இருக்கிற பிள்ளைக்குக்கூட நான் சொல்வது கேட்காது. அதனால் பேச்சை விட்டுவிட்டு, கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதினேன்.

381654729

முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு இலட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் இதில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே தடவை. அதற்குக் கீழே இதை எழுதினேன்:

38 ÷ 2 = 19
381 ÷ 3 = 127
3816 ÷ 4 = 954
38165 ÷ 5 = 7633
381654 ÷ 6 = 63609
3816547 ÷ 7 = 545221
38165472 ÷ 8 = 4770684
381654729 ÷ 9 = 42406081

ஒன்றிலும் மீதி இல்லை. இடமிருந்து இரண்டு இலக்கம் எடுத்தால் 2-ஆல் போகிறது, மூன்று எடுத்தால் 3-ஆல் போகிறது, அப்படியே ஒன்பது வரைக்கும். பிள்ளைகள் நம்பாமல் கொப்பியில் தாங்களே வகுத்துப் பார்த்தார்கள். மழை விட்டதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அப்போது பின்வாங்கில் ஒரு பையன் எழும்பி, "சேர், இதே மாதிரி வேற நம்பர் இருக்கா?" என்று கேட்டான். இல்லை, இது ஒன்றுதான் என்றேன். "எப்படி சேர் தெரியும்?" என்றான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. எங்கள் பாடசாலையில் கம்ப்யூட்டர் இல்லை, அவன் வீட்டிலும் இல்லை. அவனிடம் இருப்பது ஒரு கொப்பியும் பென்சிலும்தான்.

ஒன்பது இலக்கங்களை 362,880 விதமாக வரிசைப்படுத்தலாம். நொடிக்கு ஒன்று என்று சோதித்தாலும் சாப்பிடாமல் தூங்காமல் 4 நாள் 4 மணி 48 நிமிடம் ஆகும். அதனால் தரம் 8 விதிகளை மட்டும் வைத்து, இது ஒன்றுதான் என்று காட்ட வழி இருக்கிறதா? திங்கட்கிழமை அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

காற்றாடி (ஹப்புத்தளை)

சேர், ஒன்றுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 987654321-ஐப் பாருங்கள். 98 இரட்டை. 987 ÷ 3 = 329. 9876 ÷ 4 = 2469. 98765 ஐந்தில் முடிகிறது. 987654 ÷ 6 = 164609. கடைசியில் 98765432 ÷ 8 = 12345679, மீதியே இல்லை. 9-ஆலும் போகிறது. இதுவும் சரியாகத்தானே வருகிறது?

மஸ்கெலியாப் பிள்ளை (இப்போது கொழும்பு)

அண்ணே, 7-ஐ விட்டுவிட்டீர்கள். 9876543-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5 வருகிறது. ஆனால் நீங்கள் பிடித்தது நல்ல எண். மற்ற எல்லாப் படியிலும் தேறி, 7-இல் மட்டும் விழுகிறது. இதைக் கையில் வைத்திருங்கள், பிறகு வரும்.

சேர் கேட்ட நிறுவலைத் தொடங்கிவைக்கிறேன். நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன், பஸ்ஸில் வரும்போது மனதுக்குள்ளேயே செய்து பார்த்தது இது.

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு இலக்கங்கள் எடுக்கும்போது வருகிற எண்கள் இரட்டை எண்களால் வகுபட வேண்டும். அப்படியென்றால் 2-ஆம், 4-ஆம், 6-ஆம், 8-ஆம் இடங்களில் இரட்டை இலக்கம்தான் வர முடியும். நம்மிடம் இருக்கிற இரட்டை இலக்கங்களும் நான்குதான்: 2, 4, 6, 8. ஆக அவை நான்கும் அந்த நான்கு இடத்துக்கே போய்விடும். மிச்ச ஐந்து இடங்களும் ஒற்றை இலக்கங்களுக்கு.

5-ஆம் இடத்தில் 5 அல்லது 0 வர வேண்டும். 0 இல்லை, அதனால் 5. இப்போது மற்ற ஒற்றைகளுக்கு 4 இடம், 24 விதம். இரட்டைகளுக்கும் 24 விதம். 24 × 24 = 576. மூன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்தது இரண்டு வரியில் 576-க்கு வந்துவிட்டது.

உயர்தரம்_கணிதம் (தலவாக்கலை)

அக்கா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன்.

4-ஆல் வகுபட கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 3-ஆம் இடம் ஒற்றை. ஒற்றையைத் தொடர்ந்து வந்து 4-ஆல் போகிற எண்கள் 12, 16, 32, 36, 72, 76, 92, 96. எல்லாமே 2 அல்லது 6-இல் முடிகின்றன. 14, 18 எதுவும் போகாது. ஆக 4-ஆம் இடம் 2 அல்லது 6.

8-ஆம் இடமும் அப்படித்தான். கடைசி இரண்டு இலக்கம் 8-ஆல் வகுபட்டால் போதும், 7-ஆம் இடம் ஒற்றை, எனவே 16, 32, 72, 96 மட்டும். அங்கேயும் 2 அல்லது 6.

2-உம் 6-உம் இந்த இரண்டு இடத்துக்கும் போய்விட்டதால் 4-உம் 8-உம் 2-ஆம், 6-ஆம் இடங்களுக்கு.

பனிக்கால வாத்தியார் (பொகவந்தலாவை)

தம்பி, முடிவு சரி. ஆனால் பரீட்சையில் அந்த ஒரு வரிக்குப் புள்ளி வெட்டுவார்கள். 8-க்குக் கடைசி இரண்டு இலக்கம் போதாது, மூன்று வேண்டும். 116 பதினாறில்தான் முடிகிறது, 8-ஆல் போகாது.

இங்கே இரண்டு போதும் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 6-ஆம் இடம் இரட்டை. அதனால் நூறுகளின் பங்கு 200, 400, 600, 800-இல் ஒன்று. இவை எல்லாமே 8-இன் மடங்குகள். ஆகவே அதை விட்டுவிட்டு மீதி இரண்டு இலக்கத்தை மட்டும் பார்க்கலாம். இந்தக் காரணத்தையும் எழுதிவிட்டால் உன் நிறுவலில் ஓட்டை இல்லை.

பழைய கணக்கப்பிள்ளை (லுணுகலை)

பிள்ளைகள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை சும்மா இருக்கவில்லை. நான் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். செக்ரோல் (தொழிலாளர்களின் வேலை, சம்பளப் பதிவேடு) கூட்டினால் ஒன்பதைத் தள்ளிச் சரிபார்ப்பது எங்கள் பழக்கம். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்கினால், அதுதான் 9-ஆல் வகுக்கும்போது வருகிற மீதி. 9 வந்தால் மீதி இல்லை என்று அர்த்தம். 3-க்கும் அதே கூட்டல்தான்.

இந்த எண்ணில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எப்படி மாற்றி அடுக்கினாலும் 45 மாறாது. அதனால் ஒன்பதாம் படி இலவசம், எந்த வரிசையும் 9-ஆல் போகும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இலக்கம் இடம் மாறினால் ஒன்பதைத் தள்ளுவது காட்டிக்கொடுக்காது. ஒரு நாள் பின்னேரம் மலையில் நிறுத்த கொழுந்துக் கணக்கும் பேரேட்டுக் கூட்டுத்தொகையும் 9 கிலோ இடித்தது. வித்தியாசம் சரியாக 9 என்றதும் எனக்குப் பிடிபட்டது. பக்கத்துப் பக்க இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். லாந்தரை வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பார்த்தேன். ஓர் அம்மாவின் 32 கிலோவை நான் 23 என்று எழுதியிருந்தேன். திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அந்த 9 கிலோ அந்த அம்மா குனிந்து பறித்த கொழுந்து அல்லவா.

சரி, கணக்குக்கு வருகிறேன். முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் போக வேண்டும். முதல் ஆறும் 6-ஆல் போக வேண்டும், அதனால் 3-ஆலும் போகும். அப்படியென்றால் நடு மூன்று இலக்கங்களும் தனியே கூட்டினால் 3-ஆல் போக வேண்டும். நடு மூன்றில் நடுவில் 5. அதற்கு முன் 2 அல்லது 6, பின் 4 அல்லது 8. நாலே வழிதான்:

254 கூட்டினால் 11
258 கூட்டினால் 15
654 கூட்டினால் 15
658 கூட்டினால் 19

இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் தேறும். ஆக நடு மூன்று 258 அல்லது 654.

மஸ்கெலியாப் பிள்ளை (இப்போது கொழும்பு)

ஐயா, அந்த 32-உம் 23-உம் கதையை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இடமாறிய இலக்கத்தைத் தேடு என்று எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 10 மடங்கிலிருந்து 1 மடங்கைக் கழித்தால் 9 மடங்கு, அவ்வளவுதானே.

நடு 258 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2-ஆம் இடம் 4, 8-ஆம் இடம் 6. முதல் மூன்று இலக்கங்களில் நடு 4, இரு பக்கமும் 1, 3, 7, 9-இல் இரண்டு. கூட்டுத்தொகை 3-ஆல் போக 1-உம் 7-உம்தான் பொருந்தும் (1 + 4 + 7 = 12). மிச்சம் 3, 9. ஏழாவது இடத்தில் 3 போட்டால் 36, அது 8-ஆல் போகாது. 9 போட்டால் 96, போகும். ஆக இரண்டே எண்கள்: 147258963, 741258963.

நடு 654 என்றால் 2-ஆம் இடம் 8, 8-ஆம் இடம் 2. ஏழாவது இடம் 3 அல்லது 7 (32, 72 மட்டும் 8-ஆல் போகும், 12, 92 போகாது). முதல் மூன்றில் 8-இன் இரு பக்கமும் 1-3, 1-9, 3-7, 7-9 என்ற சோடிகள் 3-க்குப் பொருந்தும். ஆனால் 3-7 முன்னாலேயே போய்விட்டால் ஏழாவது இடத்துக்கு 1-உம் 9-உம்தான் மிஞ்சும், அது ஆகாது. மற்ற மூன்று சோடிகளிலிருந்து எட்டு எண்கள் வருகின்றன.

மொத்தம் பத்து. ஹப்புத்தளை அண்ணனின் 987654321-உம் அந்தப் பத்தில் ஒன்று. இந்தப் பத்தும் 7-ஐத் தவிர எல்லாப் படியையும் தாண்டிவிட்டன.

உயர்தரம்_கணிதம் (தலவாக்கலை)

இனி 7 மட்டும்தான். பத்துத் தடவை நீள வகுத்தல் செய்யத் தேவையில்லை. 7 × 11 × 13 = 1001. அதனால் ஓர் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றுவிட்ட தொகுதிகளைக் கூட்டி, மற்றதைக் கழித்தால் போதும். வருகிற சிறிய எண் 7-ஆல் போனால் பெரியதும் போகும்.

முதல் ஏழு இலக்கங்களை எடுக்கிறோம். 3816547 என்றால் 3, 816, 547. 3 + 547 = 550. 816 − 550 = 266. இப்படிப் பத்துக்கும் செய்தேன் (எது பெரிதோ அதிலிருந்து மற்றதைக் கழித்திருக்கிறேன்):

1472589: 118
7412589: 184
1896543: 352
9816543: 264
7896543: 346
9876543: 324
1836547: 288
3816547: 266
1896547: 348
9816547: 260

வலப்பக்கம் இருப்பதில் 7-இன் மடங்கு எது? 266 = 7 × 38. மற்ற ஒன்பதும் விழுந்துவிட்டன.

காற்றாடி (ஹப்புத்தளை)

நானும் உட்கார்ந்து பத்தையும் வகுத்துப் பார்த்தேன். என் எண் 324-இல் போய் விழுகிறது, 322 வந்திருந்தால் தேறியிருக்கும். பரவாயில்லை. 362,880-இல் கடைசிப் பத்துக்குள் வந்ததே பெரிய விஷயம்.

பனிக்கால வாத்தியார் (பொகவந்தலாவை)

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் கேட்டதைவிட நல்ல பதில் கிடைத்துவிட்டது. 362,880, பிறகு 576, பிறகு 10, பிறகு 1. இதில் தரம் 8 பிள்ளைக்குத் தெரியாத விதி ஒன்றே ஒன்று, அந்த 1001. அதையும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தப் பையனிடம் "கம்ப்யூட்டர் சொன்னது" என்று சொன்னேனே, அதைத் திங்கட்கிழமை முதல் வேலையாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளப்போகிறேன்.

ஒரு சந்தேகம். கடைசியில் 0 சேர்த்தால் 3816547290, அது 10-ஆலும் போகிறது. அதற்கு மேலும் நீட்டிக்கொண்டே போகலாமா? ஒரே இலக்கம் திரும்ப வரலாம் என்று வைத்துக்கொள்வோம்.

இரவுப்பணி (நுவரெலியா)

இங்கே குளிரில் இரவு வேலை, மின்னஞ்சல் ஒன்றும் வராத நேரம். இந்த இழையைப் படித்ததும் தூக்கமும் வராது போல.

சேர் கேட்டது பெரிய கேள்வி. இப்படிப்பட்ட எண்களைத் தமிழில் 'தொடர் வகுபடும் எண்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கங்கள் திரும்ப வரலாம் என்று விட்டாலும் அவை முடிவில்லாமல் போவதில்லை. மொத்தம் 20,456 தான். அதில் மிகப் பெரியது 25 இலக்கம்:

3608528850368400786036725

இதிலும் அதே கதைதான். முதல் 13 இலக்கம் 13-ஆல் போகும், முதல் 24 இலக்கம் 24-ஆல் போகும், முழுதும் 25-ஆல் போகும்.

ஏன் முடிகிறது என்பதைத் தேயிலையை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு எண்ணும் ஒரு கிளை. அதன் வால்பக்கம் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களில் ஒன்றை ஒட்டலாம். இரண்டாம் படியில் அந்தப் பத்தில் ஐந்து பொருந்தும், ஆகவே 9 எண்கள் 45 ஆகின்றன. மூன்றாம் படியில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு பொருந்தும், 45 என்பது 150 ஆகிறது. பிறகு 375, 750, 1200, 1713, 2227, 2492. கிளை அடர்ந்துகொண்டே வருகிறது.

பத்தாம் படியில் 0 மட்டும் பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு கிளை, அதனால் 2492 அப்படியே 2492. பதினொன்றிலிருந்து கவ்வாத்து, அதாவது கிளை வெட்டுவது, ஆரம்பம். அடுத்தடுத்துள்ள பத்து எண்களில் 11-இன் மடங்கு ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிளை இல்லாதவை அங்கேயே நின்றுவிடுகின்றன. 2225, 2041 என்று இறங்கி, 20-ஆம் படியில் 44, பிறகு 18, 12, 6, 3, கடைசியில் 1. அந்த ஒன்றுதான் மேலே எழுதியது.

மஸ்கெலியாப் பிள்ளை (இப்போது கொழும்பு)

26-ஆம் படியில் அந்தக் கடைசிக் கிளை ஏன் நிற்கிறது என்று கையால் பார்க்க முடியுமா அண்ணே? சும்மா நம்ப மனம் வரவில்லை.

இரவுப்பணி (நுவரெலியா)

முடியும் தங்கச்சி. தலவாக்கலைத் தம்பியின் 1001 இங்கேயும் உதவும், ஏனென்றால் 13-உம் அதில் இருக்கிறது.

மூன்று மூன்றாகப் பிரித்தால் 3, 608, 528, 850, 368, 400, 786, 036, 725. வலமிருந்து ஒன்றுவிட்டொன்று கூட்டிக் கழித்தால்: 725 − 36 + 786 − 400 + 368 − 850 + 528 − 608 + 3 = 516. 516-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 9. வாலில் 0 ஒட்டினால் பத்து மடங்கு, அதாவது 90. 13-ஆல் வகுத்தால் மீதி 12. அந்த எண் இரட்டை என்பதால் 26-ஆல் வகுத்தாலும் மீதி 12-தான்.

26-ஆல் சரியாகப் போக இன்னும் 14 சேர்க்க வேண்டும். ஓர் இலக்கத்தால் 9 வரைதான் சேர்க்க முடியும். அங்கே முடிந்தது.

பனிக்கால வாத்தியார் (பொகவந்தலாவை)

திங்கட்கிழமை பாடம் முடிந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து விட்டேன். ஒரு குழு நாலாம் படியில் சிக்கிக்கொண்டது, இரண்டு குழு பத்து எண்கள் வரை வந்தார்கள். கேள்வி கேட்ட பையன் 266-ஐக் கண்டதும் வாங்கிலிருந்து எழும்பியே நின்றுவிட்டான்.

பாடம் முடிந்து மணி அடித்த பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். ஹப்புத்தளை அண்ணனின் எண்ணையும் விடாமல் வகுத்துப் பார்த்திருக்கிறான். 98765432 ÷ 8 = 12345679. அதன் கீழே ஒரு வட்டம் போட்டு, "எட்டு எங்க சேர்?" என்று எழுதியிருந்தான். விடையில் 7-க்கு அடுத்தது 9 வருகிறது, 8 இல்லை. எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

பழைய கணக்கப்பிள்ளை (லுணுகலை)

வாத்தியார் ஐயா, அந்தப் பிள்ளையை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். 12345679-ஐ 9-ஆல் பெருக்கினால் 111111111, ஒன்பது ஒன்றுகள். அதைத் திருப்பி 9-ஆல் வகுக்கட்டும், அவசரப்படாமல், ஒவ்வொரு இலக்கமாக இறக்கி.

11-இல் 1 தடவை, மீதி 2. ஒன்றை இறக்கினால் 21.
21-இல் 2 தடவை, மீதி 3. இறக்கினால் 31.
31-இல் 3, மீதி 4. 41-இல் 4, மீதி 5. 51-இல் 5, மீதி 6. 61-இல் 6, மீதி 7.
71-இல் 7 தடவை, மீதி 8. இறக்கினால் 81.

மீதி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. 81-இல் 8 தடவை போய் மீதி 9 வந்தால்தான் அந்த வரிசை தொடரும். ஆனால் மீதி 9 என்றால் அதற்குள் இன்னொரு 9 இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் 9 தடவை, மீதி ஒன்றுமில்லை. 8 இருக்க வேண்டிய இடத்தில் 9 வந்தது அப்படித்தான்.

பனிக்கால வாத்தியார் (பொகவந்தலாவை)

நாளைக்கு முதல் பாடமே இதுதான் ஐயா. பலகையில் ஒன்பது ஒன்றுகளை எழுதிவிட்டு வெண்கட்டியை அவன் கையில் கொடுக்கிறேன்.